ஈசல் வந்த அந்தச் சாயங்காலம்

பாண்டி,

ஞாயிற்றுக்கிழமை குஞ்சுகளைப் புதுக் கொட்டகைக்கு மாற்றுவதற்கு முன்னால் இதை முழுவதும் படித்துவிடு. ஒரு விஷயத்தை மட்டும் முதலிலேயே எழுதிவிடுகிறேன். கடைசிவரை ஒத்திப்போட்டால் எனக்குத் தைரியம் போய்விடும். இரண்டு வருடத்துக்கு முன்னால் நம் கோச்சடை வீட்டின் பின்புறம் நீ இழுத்த வயரில் ஒரு குறையும் இல்லை. அன்றைக்கு அந்த பல்பு தானாக அணையவில்லை. நான்தான் அணைத்தேன்.

எழுதிவிட்டேன். இனி இதைக் கிழித்துப் போட்டாலும் எழுதியது எழுதியதுதான். இன்றைக்கு வெள்ளிக்கிழமை. அப்பா ஆபீசுக்குப் போனதும் பாத்திரங்களை அப்படியே போட்டுவிட்டு, பத்தரை மணி ஆகட்டும் என்று பார்த்திருந்து உட்கார்ந்தேன். பத்தரையிலிருந்து பன்னிரண்டு வரை ராகு காலம் என்று தெரிந்துதான் உட்கார்ந்தேன். நல்ல நேரம் பார்த்து நான் செய்த ஒரு காரியத்தில் எத்தனை உயிர் போயிற்று என்று உனக்குத் தெரியும். ஏன் போயிற்று என்பதுதான் உனக்குத் தெரியாது.

நீயும் உன் கூட்டாளி சரவணனும் வில்லாபுரத்தில் போட்டிருக்கிற பண்ணையைப் பற்றி நேற்று நீ போனில் சொன்னதை நான் நூறு முறையாவது மனதுக்குள் ஓட்டிப் பார்த்துவிட்டேன். "அஞ்சு வாரம் ஆயிருச்சும்மா. ஞாயித்துக்கிழம பொழுது சாயவும் மாத்திரலாம்னு இருக்கோம். இருட்டுல கைக்கு லேசா சிக்கும்" என்றாய். பல்பு மாட்டியாயிற்றா என்று கேட்டேன். "பல்பு வேணாம்மா. றெக்க வந்திருச்சு, இனிமே சூடு தேவப்படாது. சரவணன் வயர் இழுத்துத் தாரேங்கிறான். நாந்தான் உள்ள கரண்டே வேணாம்னு சொல்லிட்டேன்" என்றாய். நான் வாயைத் திறப்பதற்குள், "கோழி என்ன பரீட்சைக்கா படிக்கப்போகுது, அதுக்கு எதுக்கு லைட்டு?" என்று சிரித்தாய். அந்தச் சிரிப்பு முடிகிற இடத்தில் உன் குரல் கொஞ்சம் உள்ளே போனது. "இன்னொரு வாட்டி அப்படிப் பாக்க முடியாதும்மா. என் கை ராசி அப்படி." நான் "சரிடா" என்று வைத்துவிட்டேன். பிறகு மூன்று தடவை கூப்பிட்டேன். மூன்று தடவையும் நீ எடுத்ததும் "சாப்டியா" என்று கேட்டேன். மூன்றாவது தடவை நீயே, "என்னம்மா, மறந்து மறந்து போகுதா? இப்பத்தான சாப்ட்டேன்னேன்" என்றாய்.

இருநூறு குஞ்சுகள், பழக்கமில்லாத கொட்டகை, இருட்டு. அந்த பல்பு சூட்டுக்காக இல்லை பாண்டி, வெளிச்சத்துக்காக. அஞ்சு வாரமாக ஒரு வெளிச்சத்துக்குக் கீழேயே தூங்கி எழுந்த குஞ்சுகளுக்குச் சுவர் எங்கே இருக்கிறது, தண்ணீர் எங்கே இருக்கிறது என்று கண்ணால் பார்த்தால்தான் மனசு அடங்கும். பார்க்க முடியாவிட்டால் ஒன்றன் கீழ் ஒன்று புகுந்துகொள்ளப் பார்க்கும். இதை என்னைவிட நன்றாக அறிந்தவன் நீ. உன் கை வேலை மேல் உனக்கு நம்பிக்கை போனதால், தெரிந்த விஷயத்தையே நீ தள்ளிவைக்கிறாய். அந்த நம்பிக்கையைப் பறித்தவள் நான். அதனால்தான் நான் இப்போது பேசியாக வேண்டும்.

உன்னைப் பெற்றபோது எனக்குப் பத்தொன்பது வயது. இப்போது உனக்கு இருபது. நீ இருக்கிற இந்த வயதில் நான் ஒரு கைக்குழந்தையை வைத்துக்கொண்டு, இதற்கு எப்போது பசிக்கிறது, எதற்கு அழுகிறது என்று முழித்துக்கொண்டிருந்தேன். உனக்கு எல்லாம் தெரிந்தவள்போல நான் பேசியதில் பாதி பயத்தில் பேசியது. நீ ஆறாம் வகுப்பில் கோரிப்பாளையம் பள்ளிக்கூடத்துக்குத் தனியாக பஸ்ஸில் போன முதல் நாள் உனக்கு நினைவிருக்கும். "பெரிய பையன், தனியாப் போ" என்று வாசலில் நின்று கையாட்டினேன். நீ தெருமுனை திரும்பியதும் குறுக்குச் சந்தில் ஓடி வந்து, அதே பஸ்ஸில் பின்வாசலில் ஏறி, முந்தானையைத் தலையில் போட்டுக்கொண்டு நின்றேன். தர்கா பக்கத்து நெரிசலில் நீ ரோட்டைத் தாண்டி, பள்ளிக்கூட கேட்டுக்குள் போகும்வரை பார்த்துவிட்டுத் திரும்பினேன். நாலு வருடம் கழித்து ஒரு நாள் சாப்பிட்டுக்கொண்டே சொன்னாய்: "நீ அன்னைக்குப் பின்னாடி ஏறுனத நான் பாத்துட்டேன்மா. டிரைவர் கண்ணாடில தெரிஞ்ச." ஏன்டா சொல்லவில்லை என்று கேட்டதற்கு, "சொன்னா நீ அடுத்த நாளும் வருவ" என்றாய். அப்பாவுக்குச் சிரித்துப் புரையேறிவிட்டது. நான் சிரிக்கவில்லை. இந்தப் பையன் பார்த்ததைப் பார்க்காததுபோல வைத்திருக்கத் தெரிந்தவன் என்று அன்றைக்கு ஒரு பயம் விழுந்தது. இந்த இரண்டு வருடமும் அந்தப் பயம் என்னோடு இருந்தது. ஒருவேளை சுவிட்சு விஷயமும் உனக்குத் தெரிந்திருக்குமோ என்று உன் முகத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். தெரியாது என்பது நேற்றைய போனில்தான் உறுதியானது. தெரிந்திருந்தால் நீ பல்பு போட்டிருப்பாய்.

அப்போது உனக்குப் பதினெட்டு வயது. எலக்ட்ரிகல் டிப்ளமோவில் கடைசி வருடம். மாடிப்படிக்குக் கீழே தகர ஷீட்டை வட்டமாக வளைத்து, உமி பரப்பி, மேலே குண்டு பல்பைத் தொங்கவிட்டு, "இதுதாம்மா புரூடர்" என்று காட்டினாய். கோரிப்பாளையத்தில் பாய் கடையில் வாங்கிய நூற்றிருபது நாட்டுக்கோழிக் குஞ்சுகள், அட்டைப் பெட்டியில் வந்து இறங்கின. அப்பா மூக்கைப் பொத்திக்கொண்டு, "இது வீடாடா, பண்ணையாடா? விருந்தாளி வந்தா எங்க ஒக்காரச் சொல்றது, உமி மேலயா?" என்று தினமும் ஒரு தடவை கத்தினார். நீ அசரவில்லை. குஞ்சுகள் விளக்குக்குக் கீழே நெருக்கியடித்துக்கொண்டால் குளிர், விளக்கை விட்டு விலகி ஓரத்துக்குப் போனால் சூடு, பரவலாகத் திரிந்தால் சரி என்று எனக்குச் சொல்லிக்கொடுத்தாய். தண்ணீர் டப்பாவைக் கழுவுவது என் வேலை. நான் புத்தகத்தைக் கையில் வைத்துக்கொண்டு அந்தப் படிக்கட்டில் உட்கார்ந்து அவற்றின் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருப்பேன். சொன்னால் நீ நம்பமாட்டாய், கல்யாணமாகி வந்ததிலிருந்து அந்த வீட்டில் நான் நிம்மதியாக உட்கார்ந்திருந்த ஒரே இடம் அந்தப் படிக்கட்டுதான்.

அஞ்சாவது வாரம் பின்புறக் காலி இடத்தில் கொட்டகை கட்டினாய். இடுப்பளவு கல், அதற்கு மேல் கம்பி வலை, மேலே தகரம். கார்த்திகை மாதம், தினமும் மழை. ஞாயிற்றுக்கிழமை காலையிலேயே மாற்றிவிடவேண்டும், பகல் வெளிச்சத்தில் இடத்தைப் பார்த்துப் பழகினால்தான் முதல் ராத்திரி பயப்படாது என்று பாய் உனக்குச் சொல்லி அனுப்பியிருந்தார். ஆனால் கதவுக்குக் கீல் சரியாக உட்காரவில்லை. அதைக் கழற்றி மாட்டி, கழற்றி மாட்டி, நீ வேலையை முடித்தபோது மணி நாலு. "வாம்மா, ஆளுக்கு ரெண்டு டிரே தூக்குனா முடிஞ்சிரும்" என்று தக்காளி டிரேக்களை எடுத்து வந்தாய். நான் நாள்காட்டியைப் பார்த்தேன்.

"நாலரைக்கு ராகு காலம் வந்திரும்டா."

"அதுக்கென்ன?"

"அரை மணி நேரத்துல அம்புட்டையும் மாத்த முடியாது. பாதி இங்கயும் பாதி அங்கயுமா நின்னுபோகும். ஆறு மணிக்கு மேல மாத்திக்கலாம்."

"கோழிக்கு ஏதும்மா ராகு காலம்? அதுக்கென்ன கல்யாணமா பண்ணிவைக்கப் போறோம்?"

"புது வீடு குடிபோறதுன்னா எல்லாத்துக்கும் ஒண்ணுதான்."

"அப்ப பால் காய்ச்சிரு. ஐயரு வருவாரா?" என்று டிரேயைத் தரையில் போட்டுவிட்டு உட்கார்ந்துவிட்டாய். கோபம்தான் உனக்கு. ஆனாலும் என் பேச்சை மீறவில்லை. மீறியிருந்தால் இந்தக் கடிதம் இருந்திருக்காது. வீட்டில் இருக்கிற புத்தகத்தையெல்லாம் படித்தவள், நூலகத்தில் போய் எடுத்து வந்து படித்தவள், கடைசியில் ஒரு நாள்காட்டித் தாளுக்குப் பயந்தேன். என் பயத்துக்கு நல்ல நேரம் என்று பெயர் வைத்துக்கொண்டேன். கொட்டகைக் கதவில் மஞ்சளும் குங்குமமும் வைத்தபோது, நீ எவ்வளவு ஆசையாகக் கட்டியிருக்கிறாய், எதுவும் கெட்டுவிடக்கூடாது என்றுதான் வேண்டிக்கொண்டேன். அது பொய்யில்லை.

ஆறு அடித்ததும் தூக்கத் தொடங்கினோம். கார்த்திகை மாதத்து ஆறு மணி எப்படி இருக்கும் என்று உனக்குத் தெரியும். நாலாவது நடை முடிந்தபோது என் கை எனக்குத் தெரியவில்லை. அடுப்படி சுவிட்சிலிருந்து ஜன்னல் வழியாக வயர் இழுத்து, கொட்டகை நடுவில் பல்பைத் தொங்கவிட்டிருந்தாய். பழைய உமியில் ஒரு சாக்கு கொண்டுவந்து பரப்பினாய், வாசனை தெரிந்தால் தைரியம் வருமென்று. மூலையில் போய் அடையாமலிருக்க மூன்று மூலைக்கு அட்டையை வளைத்து வைத்தாய். நாலாவது மூலைக்கு அட்டை போதவில்லை. தெருவில் கடையில் கேட்டு வாங்கி வரலாம் என்று கிளம்பும்போதுதான் அப்பா போன். காதுகுத்துக்குப் போன இடத்தில், கோரிப்பாளையத்தில், வண்டி பஞ்சர், மழை வேறு, பையனை வரச்சொல் என்றார்.

நீ போக மனமில்லாமல் நின்றாய். "முதல் ஒரு மணி நேரம் பக்கத்துல இருக்கணும்மா" என்றாய். "நான் இருக்கேன், நீ போ" என்றேன். "உள்ள போயிராத. இங்கயே ஒக்காரு" என்று ஒரு ஸ்டூலைக் கொண்டுவந்து கொட்டகைக் கதவுக்கு எதிரில் போட்டுவிட்டுத்தான் வண்டியை எடுத்தாய். விளக்கை அணைக்காதே என்று நீ சொல்லவில்லை. அதை யார் சொல்வார்கள்? எரிகிற விளக்கை எவள் போய் அணைப்பாள் என்றுதானே நினைத்திருப்பாய்.

நீ போன பத்தாவது நிமிடம் ஈசல் வந்தது. மழை விட்ட காலி மனையிலிருந்து கொத்துக் கொத்தாகக் கிளம்பி நேராக அந்த பல்புக்கு வந்தது. குஞ்சுகளுக்கு வெறி பிடித்ததுபோல ஆகிவிட்டது. ஒன்றன் முதுகில் ஒன்று ஏறிக் குதித்தன. தண்ணீர் டப்பா கவிழ்ந்து உமி நனைந்தது. என் முகத்தில், கழுத்தில், ரவிக்கைக்குள் ஈசல். ஈசல் வந்தால் என்ன செய்வோம்? விளக்கை அணைப்போம். அம்மா வீட்டிலும் அதுதான், இங்கேயும் அதுதான். வீட்டில் யாராவது ஒருவர் "லைட்ட அணைங்க" என்று கத்துவதற்கு முன்னால் இன்னொருவர் கை சுவிட்சுக்குப் போயிருக்கும். நான் யோசிக்கவில்லை. அடுப்படிக்குப் போய் அணைத்தேன். கூடத்து விளக்கையும் அணைத்தேன். திரும்பக் கொட்டகைப் பக்கம் வந்து நின்றேன். கொஞ்ச நேரம் கீச்சுக் கீச்சென்று ஒரே கூச்சல். அப்புறம் மெல்ல மெல்லக் குறைந்தது. இருட்டினால் அடங்கத்தானே செய்யும், தூங்கப் போகிறது என்று நினைத்தேன். அந்த ஸ்டூலை நனையாமல் எடுத்து உள்ளே வைத்துவிட்டு, பின்கதவைச் சாத்திக்கொண்டு, உள்ளறையில் சின்ன விளக்கைப் போட்டு உட்கார்ந்தேன். பாதியில் விட்ட நாவல் ஒன்று, கடைசி முப்பது பக்கம். அதை எடுத்துப் படித்தேன். இதை உன்னிடம் சொல்லாமல் விட்டுவிடலாம்தான். ஆனால் பாதியை மட்டும் சொன்னால் அது மறுபடியும் ஒரு பொய்யாகிவிடும். குஞ்சுகள் ஒன்றின் மேல் ஒன்று ஏறி மூச்சு முட்டிக்கொண்டிருந்தபோது உன் அம்மா கதை படித்துக்கொண்டிருந்தாள்.

உன் வண்டிச் சத்தம் கேட்டது. நீ வீட்டுக்குள் வரவில்லை, பக்கச் சந்து வழியாக நேரே பின்னால் ஓடினாய். "அம்மா, கரண்டு இருக்கா?" என்று நீ கத்திய கத்தலில்தான் எனக்கு எல்லாம் விளங்கியது. எழுந்து அடுப்படிக்கு ஓடினேன். ஜன்னல் வழியாகப் பார்த்தால் செல்போன் வெளிச்சத்தில் நீ அந்த வயரைப் பிடித்து ஆட்டிக்கொண்டிருக்கிறாய். அந்த நேரத்தில் நான் சுவிட்சைப் போட்டேன். பல்பு எரிந்தது. நீ உன் கையைப் பார்த்தாய், வயரைப் பார்த்தாய். "லூசு கனெக்சன்" என்று உனக்கே சொல்லிக்கொண்டாய். அப்புறம்தான் அந்த நாலாவது மூலையைப் பார்த்தாய்.

அதைப் பற்றி நான் எழுதவேண்டியதில்லை. உன் முழங்கை வரைக்கும் அந்தக் குவியலுக்குள் விட்டு ஒவ்வொன்றாக எடுத்துத் தூக்கிப் போட்டாய். சிலது விழுந்து எழுந்து ஓடின, சிலது ஓடவில்லை. முப்பத்தொன்று. அடியில் கிடந்தவை தட்டையாக இருந்தன. அப்பா மழைக்குத் துண்டைத் தலையில் போட்டபடி நின்று, "ஒரு வயரு ஒழுங்கா இழுக்கத் தெரியல, டிப்ளமோ படிக்கிறானாம், பண்ணை வைக்கப் போறானாம். ஒன்னய நம்பி எவன்டா மீட்டர் பெட்டியத் தொறந்து குடுப்பான்?" என்றார். நீ என் பக்கம் திரும்பி ஒரே ஒரு கேள்வி கேட்டாய். "நீ எதும் தொட்டியாம்மா?"

"நான் ஏன்டா தொடப்போறேன்?"

அதுதான் நான் சொன்னது. அணைத்தது பழக்கத்தில் கை செய்த தவறு. மறுபடி போட்டது பதற்றம். ஆனால் இந்த வார்த்தையை நான் யோசித்துச் சொன்னேன் பாண்டி. ஒரு நொடிதான், அதற்குள் முழுதாக யோசித்தேன். உன் அப்பாவின் வாய் என் பக்கம் திரும்பும் என்று யோசித்தேன். "புஸ்தகம் படிக்கிறவளுக்கு இம்புட்டுத்தான் புத்தி" என்று சொல்வார் என்று யோசித்தேன். நீ என்னை எப்படிப் பார்ப்பாய் என்று யோசித்தேன். நாளைக்குச் சொல்லிவிடலாம் என்று யோசித்தேன். நாளைக்கு நீ மண்வெட்டியோடு காலி மனையில் குழி வெட்டிக்கொண்டிருந்தாய். அதற்கு மறுநாள் வயரைச் சுருட்டிக் குப்பையில் போடச்சொல்லி அப்பாவிடம் கொடுத்தாய். மிச்சக் குஞ்சுகளை பாய் கடைக்கே திருப்பிக் கொண்டுபோனோம். "வெளக்கு போட்டிருந்தீங்களாம்மா?" என்று அவர் என்னைத்தான் கேட்டார். "வயரு லூசாயிருச்சு பாய்" என்று, நீ பக்கத்தில் நிற்கும்போதே, நான்தான் சொன்னேன். நீ தலையைக் குனிந்துகொண்டாய்.

அதற்குப் பிறகு நீ நம் வீட்டில் ஒரு ஸ்குரூடிரைவரைக்கூடத் தொடவில்லை. தெருவில் யார் வீட்டு மிக்சி ஓடாவிட்டாலும் உன்னைத்தான் கூப்பிடுவார்கள். போகாமல் இருக்க ஏதாவது காரணம் சொன்னாய். நம் வீட்டு ஃபேனுக்கே வெளியாள் வந்தான். ஓசூர் கம்பெனியில் எலக்ட்ரிகல் பிரிவில் இடம் இருந்தும், ஸ்டோரில் பெட்டி எண்ணுகிற வேலையைக் கேட்டு வாங்கிக்கொண்டாய் என்று சரவணன்தான் எனக்குச் சொன்னான். "என்ன அத்த, இவன் பயந்தாங்கொள்ளி ஆயிட்டான்?" என்று சிரித்தான். இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். நீ கோழியை விட்டுவிட்டு வேலைக்குப் போனபோது அப்பாவுக்கு நிம்மதி. எனக்கும் கொஞ்ச நாள் நிம்மதியாக இருந்தது. மாதச் சம்பளம், ஹாஸ்டல் சாப்பாடு, கவலை இல்லை என்று. என் பொய் உனக்கு நல்லதுதான் செய்திருக்கிறது என்றுகூட ஒரு நாள் நினைத்தேன். அப்படி நினைத்த நாளை நினைத்தால் எனக்கு என்னைப் பிடிக்கவில்லை. அந்த வேலையை விட்டுவிட்டு நீ சரவணனோடு மறுபடி கோழிக்கே வந்தபோதுகூட நான் உண்மையைச் சொல்லவில்லை.

இத்தோடு நிறுத்துகிறேன். பன்னிரண்டே கால் ஆகிவிட்டது. மிச்சத்தை அப்பாவிடம் சொன்ன பிறகுதான் எழுதவேண்டும். உனக்கு மட்டும் சொல்லி, அவர் முன்னால் நீ இன்னும் தலை குனிந்து நிற்பதாக இருந்தால் அது சொன்னதாக ஆகாது.

சனிக்கிழமை காலை.

நேற்றுச் சாயங்காலம் சொல்லிவிட்டேன். காபி குடித்துக்கொண்டிருந்தார். முதலில் அவருக்குப் புரியவில்லை. "எந்த சுவிட்சு?" என்றார். "அடுப்படி சுவிட்சுங்க. அன்னைக்கு ஈசல் வந்துச்சு. நாந்தான் அணைச்சேன். நாந்தான் திரும்பப் போட்டேன்." டம்ளரைக் கீழே வைத்தார். "ரெண்டு வருசமாவா?" என்றார். ஆமாம் என்றேன். "நான் அவன என்னென்ன பேசுனேன். நீ பக்கத்துல நின்னு கேட்டுக்கிட்டுத்தான இருந்த?" அதற்கும் ஆமாம் என்றுதான் சொல்ல வேண்டியிருந்தது. கத்துவார் என்று காத்திருந்தேன். கத்தவில்லை. கத்தியிருந்தால் எனக்கு லேசாக இருந்திருக்கும்.

எழுந்து போய் ஸ்டூலைப் போட்டுப் பரணிலிருந்து ஒரு சாக்கை இறக்கினார். நீ குப்பையில் போடச்சொன்ன வயர், சுருட்டியபடியே இருந்தது, ஹோல்டரோடு. "தூக்கிப் போட மனசு வரல. அவன் கையால போட்டது" என்றார். ஒரு பல்பை மாட்டி அதே அடுப்படி சுவிட்சு போர்டில் சொருகினார். எரிந்தது. வயரை ஆட்டினார். நீ டேப் சுற்றியிருந்த ஒவ்வொரு இணைப்பாகப் பிடித்து இழுத்தார், முறுக்கினார், உதறினார். ஒரு தடவைகூட மினுக்கவில்லை. வெகுநேரம் அதைக் கையில் வைத்துக்கொண்டு நின்றவர், "நல்லாத்தான்டி போட்டிருக்கான் எம்புள்ள" என்று சுவரைப் பார்த்துச் சொன்னார். என்னோடு அதற்குப் பிறகு பேசவில்லை. இன்று காலையில் வேலைக்குக் கிளம்பும்போது மட்டும், "ஞாயித்துக்கிழம நானும் வாரேன்" என்றார். "முதல்ல நான் போறேன். நீங்க பிறகு வாங்க" என்றேன்.

ஆகவே நாளைக்கு முதல் பஸ்ஸில் ஏறி, பெரியார் பஸ் ஸ்டாண்டில் இறங்கி, வில்லாபுரத்துக்கு வேறு பஸ் பிடித்து, உன் இடத்துக்கு வருகிறேன். நாள்காட்டியைப் பார்க்கவில்லை. நேற்றே அதைச் சுவரிலிருந்து கழற்றி வைத்துவிட்டேன். இந்தக் கடிதத்தை உன் கையில் கொடுப்பேன், கூடவே அந்த வயரையும். நீயே ஆட்டிப் பார். உனக்கு நம்பிக்கை வருகிறவரை ஆட்டிப் பார்.

குஞ்சுகளைச் சாயங்காலம்வரை வைத்திருக்காதே, காலை வெயிலிலேயே மாற்று. உன் புரூடர் உமியை நாலு சாக்காவது அள்ளிப் போடு, அவற்றுக்குப் பழகிய தண்ணீர் டப்பாவையே வை. நாலு மூலைக்கும் அட்டை வேண்டும். எண்ணிப் பார்த்துக்கொள், கதவுக்குப் பக்கத்து மூலைக்குத்தான் அன்றைக்கு அட்டை போதாமல் போனது. பல்பைச் சுற்றி வலைத்துணி கட்டு, ஈசல் வந்தாலும் குஞ்சுகள் மேல் விழாது. கூச்சலைக் கேட்டுப் பதறாதே, கூச்சல் திடீரென்று நின்றால் ஓடிப் போய்ப் பார். இதெல்லாம் நீ எனக்குச் சொல்லிக்கொடுத்ததுதான். உனக்கே திருப்பிச் சொல்கிறேன். நான் கற்றுக்கொண்டு உனக்குச் சொல்ல ஒன்றே ஒன்றுதான் இருக்கிறது. உன்னை நம்பி இருக்கிறவர்கள் "நீ எதும் தொட்டியா" என்று கேட்டால், அந்த ஒரு நொடியில் யோசிக்காதே. ஆமாம் என்று சொல்லிவிடு. என்ன ஆனாலும் அது அன்றைக்கே முடிந்துவிடும்.

மன்னிப்பாயா என்று கேட்கப்போவதில்லை. அந்தக் கேள்வியை உன் தலையில் வைத்துவிட்டு, பதில் வரும்வரை உன் முகத்தையே பார்த்துக்கொண்டு நிற்க எனக்கு உரிமை இல்லை. கடிதத்தைக் கொடுத்துவிட்டு ரோட்டுக்கு அந்தப் பக்கம் பஸ் நிறுத்தத்தில் உட்கார்ந்திருப்பேன். நீ கூப்பிட்டால் வருவேன், கூப்பிடாவிட்டால் கோபம் இல்லை. சரவணனிடம் என்ன சொல்லவேண்டுமோ நீயே சொல்லிக்கொள். அன்று நீ போட்டுவிட்டுப் போன ஸ்டூலில் நான் உட்கார்ந்திருக்கவில்லை. நாளைக்குப் பொழுது சாயும்வரை அந்த நிறுத்தத்தை விட்டு எழுந்திருக்கமாட்டேன். அங்கிருந்து பார்த்தால் உன் கொட்டகையின் கம்பி வலை தெரியும் என்று நீதான் ஒரு தடவை சொன்னாய். இருட்டியதும் அதற்குள்ளே வெளிச்சம் வருகிறதா என்று பார்த்துவிட்டு பஸ் ஏறுவேன்.

இந்தத் தடவை நான் பின்வாசலில் ஏறி ஒளிந்துகொண்டு வரவில்லை. நான் அங்கே இருப்பது உனக்குத் தெரியும்.

அம்மா